அக்கா 'சரி' என்ற மூன்று முகங்கள்

5 ஜூன் 1988, ஞாயிறு

தாம்பரம் கிழக்கு வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்: எலியேசர் ஆகிய அடியேனின் மேலுதட்டில், இடப்பக்கம், இன்று காலை மூன்றாவது முடி உதயமாகியிருக்கிறது. தாயும் சேயும் நலம்.

அக்காவிடம் காட்டினேன். பழைய அக்காவாக இருந்தால் பூதக்கண்ணாடி கேட்டிருப்பாள். இன்று பார்த்துவிட்டு "ம்" என்றாள். அவ்வளவுதான்.

7 ஜூன்

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே அக்கா இப்படித்தான். சேலையூரில் மூன்றாம் வகுப்பு டீச்சர். போகிறாள், வருகிறாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். பாதிச் சோறு தட்டிலேயே கிடக்கிறது. "வெயில்டா" என்கிறாள் அம்மா. ஜனவரியிலேயே இப்படித்தானே இருந்தாள், அப்போது என்ன வெயில்?

முன்பெல்லாம் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இருவரும் போகிற வருகிற முகங்களுக்கு மார்க் போடுவோம். நான் கறார், பத்துக்கு நாலைத் தாண்ட மாட்டேன். அக்கா வள்ளல். பூக்கார செல்லியம்மாளுக்கே ஒன்பது போட்டவள். "சிரிக்கும்போது கன்னம் எப்படி மடியுது பாருடா, எலி!" (எலியேசரின் சுருக்கம். வால் மட்டும்தான் இல்லை.)

இன்று அதே செல்லியம்மாள் அதே சிரிப்போடு, "இன்னா டீச்சரம்மா, மல்லி வாணாமா? மூஞ்சி ஏன் வாடிக் கீது?" என்றாள். அக்கா பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எவ்ளோ போடலாம்?" என்று காதில் கேட்டேன்.

"தெரியலடா. எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு. பிசைஞ்சு வச்ச மைதா மாவு மாதிரி."

"என்னுதுமா?"

பஸ் வந்துவிட்டது. நான் சிரித்துவைத்தேன்.

12 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் லாசரஸ் மாமா வீட்டுக்கு வந்தார். எங்கள் சபையில் பாதிக் கல்யாணம் இவர் முடித்துவைத்தது. மீதிப் பாதி இவருக்குத் தெரியாமல் முடிந்தது. கவரில் இரண்டு மாப்பிள்ளைப் படம். ஒருவர் வேலூர். இன்னொருவர் எட்மண்ட், பாங்க் வேலை, செம்பாக்கத்தில் சொந்த வீடு.

அக்கா இரண்டையும் பார்த்தாள். "சரிப்பா."

"எதும்மா?"

"எதுவானாலும் சரி. உங்க இஷ்டம்."

"பாத்தீங்களா அசரியா, எப்பேர்ப்பட்ட அடக்கம்!" என்றார் மாமா அப்பாவிடம். அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். பெண் இப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தமாம். எட்மண்ட் என்று அப்பாவே முடிவு செய்தார். 19ஆம் தேதி நிச்சயம். அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள்.

13 ஜூன்

அக்காவைச் சிரிக்கவைக்க ஒரு வேலை செய்தேன். பரீட்சைக்கு எடுத்த என் பாஸ்போர்ட் போட்டோ ஒன்று மிச்சம் இருந்தது. அதில் இங்க் பேனாவால் முறுக்கு மீசை வரைந்து கவரில் வைத்து, "மாமா இன்னும் ஒண்ணு அனுப்பியிருக்கார்" என்று நீட்டினேன்.

நிதானமாகப் பார்த்தாள். "சரி" என்றாள்.

"அக்கா, அது யாருன்னு பாத்தியா?"

"நீதான்."

"அப்புறம் ஏன் சரிங்கறே?"

"எல்லாம் ஒண்ணுதானே."

திரும்பிப் படுத்துக்கொண்டாள். செருப்பை எடுத்து அடித்திருக்கக் கூடாதா? ஒரு அடி. ஒரே ஒரு அடி.

15 ஜூன்

அம்மாவிடம் ஆரம்பித்தேன். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும், போடா." சரி சரி சரி. இந்த வீட்டில் எல்லாருக்கும் இதே வார்த்தைதானா?

அது சம்மதமே இல்லை. அவளுக்கு எட்மண்டும் மாவு, நானும் மாவு. இது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டுமானால் மீசைப் படத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் அப்பாவின் பெல்ட். ஓலை வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்களே, அப்போது எழுந்து நின்றுவிடலாமா?

17 ஜூன்

பயமாக இருக்கிறது. நாளை மறுநாள் நிச்சயம்.

18 ஜூன், சனி

சொல்லிவிட்டேன்! அப்பாவுக்கு நேருக்கு நேர் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, குரல் நடுங்காமல்: "அக்கா சொன்னது சம்மதம் இல்லப்பா. என் மீசைப் படத்துக்கும் அதே சரிதான் சொன்னா. எல்லா மூஞ்சியும் ஒண்ணாத் தெரியுதாம், அவளுக்கு உடம்புக்கு என்னமோ." படத்தையும் கொடுத்தேன். சிங்கம் போல நின்றேன்.

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் போய், "சௌந்தரி, அப்பா மூஞ்சி எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டார். "ஒண்ணும் தெரியலப்பா" என்று அழுதாளாம்.

நிச்சயம் நின்றது. லாசரஸ் மாமா, "சபையில என் தலையைக் காட்ட முடியுமா?" என்று குதித்துவிட்டுப் போனார்.

24 ஜூன்

பட்டணத்தில் மனநல டாக்டரிடம் போனோம். அப்பா யாரிடமும் சொல்லவில்லை. "கண்ல கோளாறு இல்ல" என்றார் டாக்டர். "இது மனச்சோர்வு. மூளை முகத்தைப் பார்க்குது, யாருன்னும் தெரிஞ்சுக்குது. ஆனா பார்த்ததும் உள்ளே ஒரு சந்தோஷம் வரணும் பாருங்க, அதுதான் வரல. சந்தோஷம் வராம அழகு எப்படித் தெரியும்?"

"ஜெபம் பண்ணலாமா சார்?" என்றார் அப்பா.

"தாராளமா. மாத்திரையையும் விடாதீங்க."

10 ஜூலை

இன்றும் மாவுதான். எட்மண்டுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்களாம். அம்மா என்னைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறது. நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டேனா? மாத்திரை கேட்காவிட்டால்?

2 ஆகஸ்ட்

அக்கா ரெண்டாம் தரம் சோறு கேட்டாள். வேறொன்றும் இல்லை.

21 ஆகஸ்ட், ஞாயிறு

பஸ் பிடித்துக் கோவளம் போனோம். கரையில் மீன் ஏலம். கூடையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்த ஒரு கிழவரையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புக் காற்றில் காய்ந்த முகம், முன்பல் இரண்டு இல்லை.

"எவ்ளோ அழகா இருக்கார் இல்ல?" என்றாள்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கடலைப் பார்ப்பது போல நடித்தேன்.

திரும்பும்போது அக்கா கேட்டாள்: "அப்பாகிட்ட எப்படிடா சொன்னே?" நேருக்கு நேர், நெஞ்சை நிமிர்த்தி என்று ஆரம்பித்தேன். முன்சீட்டில் அப்பா செருமினார். நிறுத்திக்கொண்டேன்.

உள்ளபடி நடந்தது இது. அப்பா பாத்ரூமில் குளித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவிடம் சொல்லி, படத்தைக் கதவிடுக்கில் தள்ளினேன். "தொறடா" என்று அவர் கத்தியதுதான் கேட்டது. பிறகு நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். தாழ்ப்பாளைத் திறந்ததும் அம்மாதான். சிங்கம் அப்போது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.