பூஜ்யம் வாங்கப் பழகிய ஊர்

1974 ஜனவரி 8, செவ்வாய்

ஆபீசர் சண்முகவேல் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறார். திருச்சுழிப் பக்கத்து ஊரில் முதியோர் வாசிப்பு வகுப்பு. முதல் பரீட்சையில் முப்பது பேரும் பூஜ்யம். நான்கு மாதம் கழித்து முப்பது பேரும் தொண்ணூறுக்கு மேல். அதே பரீட்சை எழுதி, வகுப்பில் சேராதவர்களின் மார்க் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதை நம்பி இன்னும் நாற்பது ஊருக்கு வகுப்பு வரப்போகிறது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். தற்காலிக ஊழியன். போடுவேனா? பார்க்கலாம்.

ஜனவரி 10

நேரில் போனேன். நெசவுக்கார ஜோதிலிங்கத்திடம் அன்றைய தினசரியை நீட்டினேன். மூச்சு விடாமல் வாசித்துவிட்டு, "தலையங்கம் முன்ன மாதிரி இல்ல தம்பி" என்றார்.

முன்ன மாதிரியா? நான்கு மாதம் முன்புதானே இவருக்கு 'அ' சொல்லிக்கொடுத்தார்கள்?

ஜனவரி 11

பிடிபட்டது. வகுப்பில் சேர்ந்தால் வாரம் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் — விளக்கேற்றி வீட்டுப்பாடம் படிக்க. கடையிலோ ஒரு சொட்டுக் கிடையாது. பூஜ்யம் வாங்கியவர்களுக்கு மட்டுமே இடம்.

ஜோதிலிங்கத்தின் மனைவி சௌடம்மாள் எதையும் ஒளிக்கவில்லை. "ஒரு வாரம் பழகினோம் தம்பி. தெரிஞ்ச எழுத்தைத் தெரியாத மாதிரி பாக்குறது லேசா? எழுத்து அட்டையத் தலைகீழாக் குடுத்தாலும் இவுக வாசிச்சுப்புட்டாக. அப்புறம் கண்ணாடியப் புடுங்கி வச்சுக்கிட்டுத்தான் பரிட்சைக்கு அனுப்புனேன்."

ஆக, ஆபீசர் கணக்கு சரி. ஊர்தான் பொய்.

விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஜனவரி 12

சிரித்த என்னை உதைக்க வேண்டும்.

முத்துத்தாய், காட்டு வேலைக்குப் போகிறவர். நிஜமாகவே வாசிக்கத் தெரியாது. பஸ் போர்டில் பார்த்துப் பழகிய ஓர் எழுத்தைப் பரீட்சையில் சொல்லிவிட்டார். ஐந்து மார்க். ஐந்து மார்க் வாங்கியதால் 'எழுத்தறிந்தவர்'. இடமில்லை! அதோடு விட்டார்களா? சேராதவர் பட்டியலில் எழுதி, "முன்னேற்றம் இல்லை" என்று காட்டி, வகுப்புக்குப் பெருமை தேடியிருக்கிறார்கள்.

"தெரிஞ்சதத் தெரியும்னுதான சொல்லணும்?" என்றார். "எம் மக தூத்துக்குடியிலருந்து கடுதாசி போடுறா. அடுத்த வீட்டுல குடுத்து வாசிக்கச் சொன்னா, அவள மருமகன் அடிச்சது ஊருக்கே தெரியுது. நானே வாசிச்சுக்கிட்டா என்னோட போகும்."

ஜனவரி 18

கையெழுத்துப் போடவில்லை. முதல் பரீட்சை செல்லாது, பூஜ்ய விதியை எடுக்க வேண்டும், முத்துத்தாய்க்கு இடம் தர வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

சண்முகவேல் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "பூஜ்யம் தொண்ணூறாச்சா, இல்லையா? ஆச்சு. பெறகென்னய்யா?"

ஜனவரி 19

என்னய்யாவாம்.

பிப்ரவரி 22, வெள்ளி

என் கையெழுத்து இல்லாமலே நாற்பது ஊருக்கும் உத்தரவு வந்துவிட்டது. அந்த ஊரிலும் இரண்டாவது வகுப்பு. திங்கட்கிழமை ஆள் சேர்க்கும் பரீட்சை. பூஜ்ய விதி அப்படியே இருக்கிறது. பரீட்சை வைப்பவன் நான்.

தேதி சொல்லப் போனேன். பஸ் ஸ்டாப்பில் முத்துத்தாய் வழிமறித்தார். ஒன்று கேட்டார். இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறிவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தபடி மறுபடியும் கேட்டார்:

"அந்த அஞ்சு மார்க்கு எழுத்த எப்படி மறக்கணும்னு சொல்லிக்குடுத்துட்டுப் போங்க தம்பி!"