முதல் பேரு யாருக்கு

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

வீட்டை வாடகைக்கு விட்டா ஒப்பந்தம் எழுதிப் பதிஞ்சே ஆகணுமாம் இப்ப. கண்டனூர் வீடு எனக்கும் சித்தப்பா மகன் சொக்கனுக்கும் பொது. பத்திரம் எழுதுறவர் முன்னாடி, ஏதோ கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி, தன் பேருதான் முதல்ல வரணும்னு ஒத்தைக் கால்ல நின்னான் சொக்கன்.

குடிவரப்போற டீச்சர் பொறுமையாக் கேட்டாக: "ஓடு ஒழுகினா நான் யாரைக் கேக்கிறது?"

"முதல் பேரு யாரோ, அவுகளைத்தான்," என்றார் பத்திரக்காரர்.

உடனே சொக்கன் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்கதான மூத்தவுக. உங்க பேரே முன்னால இருக்கட்டும்."

சொத்துச் சண்டை வந்த நாள்லேருந்து என்னை வாடா போடான்னு பேசுற பய.

அவன் பேரையே முதல்ல எழுதச் சொல்லி, அதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். ஆனா அந்த 'அண்ணே' இன்னும் குமட்டுது.