அலமாரி இருந்த சுவர்

மார்ச் 6, 2016

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அக்கா இருக்கிற வீட்டில் நலமில்லாமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்?

நேற்று போனில் உங்களோடு நாலு வார்த்தை பேசலாம் என்று பார்த்தேன். "நீங்க ரெண்டு பேரும் அந்த டொய்ங் டொய்ங் பத்தி ஆரம்பிச்சா நான் எப்பப் பேசுறது?" என்று அக்கா வைத்துவிட்டாள். அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் கடிதம். இதை அவளால் பிடுங்க முடியாது.

புது ஊர் வேலை பழகிவிட்டது. நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறேன். மெஷின் போடுகிற கூச்சலில் பக்கத்து மேஜைக்காரர் தும்மினால்கூடக் கேட்காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நான் ராஜா.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது: 'ஈரச் சுவர்'. மூன்றே பேர். ஒரு சாக்ஸபோன், அடித்தொண்டையில் உறுமுகிற ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். இரண்டாம் பக்கத்தில் நீளமாக ஒன்று வரும். அதன் நடுவில் சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்குவது அப்படியே பதிவாகியிருக்கிறது. வெட்டி எறியாமல் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுக்கும் ஒரு ரெக்கார்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை தனியாகக் கேளுங்கள். அக்கா பக்கத்தில் இருக்கும்போது போட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 2, 2016

அன்பு மச்சான்,

ரெக்கார்டு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. தனியாகக் கேட்க வேண்டுமாம்! உன் அக்காவிடமிருந்து தப்பித்துத் தனியாக இருக்க வேண்டுமானால் நான் ரிப்பேர் பார்க்கிற ஏதாவது லிஃப்டின் தலையில் ஏறி நின்றால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போட்டேன். பாதியிலேயே ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"யாருங்க இது? ஆட்டுக்குட்டியத் தொலைச்சவன் மாதிரி ஊதுறான்?"

"உன் தம்பி அனுப்பினது."

"அப்பச் சரி. அவனே தொலைஞ்சுபோன ஆட்டுக்குட்டிதான்."

போய்விட்டாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ சொன்ன மூச்சு வந்தது. "பாவம், அவனும் மாடிப்படி ஏறித்தான் வந்தானா?" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால் மச்சான், கொஞ்ச நாளாக அவளுக்கு மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவன் வீட்டில் லிஃப்ட் இல்லை, மாடி ஏறி இறங்குகிற களைப்பு என்று விட்டுவிட்டேன். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நீயாகக் கேட்டு என்னை மாட்டிவிடாதே.

நான் கேட்டுக்கொண்டிருப்பது: 'கூரைமேல் நாற்காலி'. பியானோ மட்டும். வாசிப்பவர் அவசரமே படுவதில்லை. அடுத்த சுரம் வருமா வராதா என்று நமக்குத்தான் பதறுகிறது. இத்துடன் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தான்


ஜூலை 19, 2016

மச்சான்,

நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு நாள் தெம்பாக இருந்தாள். "தம்பி இளைச்சுட்டான், அங்க ஒழுங்காச் சாப்பிடுறானா?" என்று நர்ஸிடமெல்லாம் கேட்டாள். அவள் கையிலிருக்கும் எலும்பை நீ பார்த்தாய்தானே. அந்தக் கையை ஆட்டி ஆட்டித்தான் உன் இளைப்பைப் பற்றிப் பேசுகிறாள்.

இதைக் கேள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீங்க மட்டும் எங்கயோ போயிடுறீங்க. நானும் வர்றேன்," என்று இயர்போனில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் செருகிக்கொண்டாள். ஒரு பக்கம் அவளுக்கு, ஒரு பக்கம் எனக்கு. பேஸ் முழுக்க அவள் பக்கம் போய்விட்டது. எனக்கு வெறும் டிரம்ஸ்.

"உங்களுக்கு என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரியல. எனக்கு என்ன கேக்குதுன்னு உங்களுக்குத் தெரியல. ஆனா ஒரே பாட்டு. கல்யாணம் மாதிரியேதான் இருக்கு," என்றாள்.

இப்போது தினமும் அப்படித்தான் கேட்கிறோம். பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுகிறாள். முடிகிறவரை நான் அசையாமல் இருக்கிறேன்.

டாக்டர் பேசினார். எழுத வரவில்லை. லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

அத்தான்


செப்டம்பர் 11, 2016

அன்புள்ள அத்தானுக்கு,

வந்து சேர்ந்தேன். ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "ஊருக்கு எதுக்குப் போயிட்டு வர்றீங்க தம்பி?" என்று கேட்டார். "அக்கா வீட்டுக்கு," என்றேன். "எப்படி இருக்காங்க அக்கா?" என்றார். "நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வேலைக்குப் போகிறேன். ஹெட்போன் போடுவதில்லை. மெஷின் கூச்சலே போதுமாக இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைத் திட்டுவதற்கு இருந்தவள் அவள் ஒருத்திதான். இனி நான் எது செய்தாலும் சரிதான் என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது.

சாப்பிடுங்கள். கடிதம் எழுத முடியாவிட்டால் என்ன கேட்கிறீர்கள் என்று ஆல்பத்தின் பெயரை மட்டுமாவது எழுதிப் போடுங்கள். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன். உங்களைத் தவிர அக்காவைப் பற்றிப் பேச எனக்கு ஆளில்லை.

மச்சான்


டிசம்பர் 3, 2016

மச்சான்,

இருக்கிறேன். எதுவும் கேட்கவில்லை. நீ அனுப்பியவை பிரிக்காமல் மேஜைமேல் இருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதே. அனுப்புவதை நிறுத்தியும் விடாதே.

அத்தான்


நவம்பர் 14, 2017

அன்பு மச்சான்,

நீ அனுப்பியதையெல்லாம் போன மாதம் பிரித்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நன்றி. ஒரு பதிலும் வராமலே வருஷம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தாயே. கூடப் பிறந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான்.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது: 'நாற்பது தொண்டைகள்'. வாத்தியமே கிடையாது. கூட்டாகப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். "அத்தானாவது, பாடகர்களைக் கேட்பதாவது!" என்று நீ நினைப்பாய். சொல்லிவிடுகிறேன். ஒருவர் கொடுத்தார்.

ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொள்கிறவர்கள் வழக்கமாக என்னைத்தான் திட்டுவார்கள். அன்றைக்கு உள்ளேயிருந்து பாட்டு வந்தது. மேல்மாடியில் ஒரு குழுவோடு பாடப் போன ஆரம்பப் பள்ளி டீச்சர். கதவைத் திறந்ததும், "முடிக்க விட்டிருக்கலாமே" என்றார். நான் சிரித்துவிட்டேன் மச்சான். சிரித்த பிறகு, வேன் வரைக்கும் போய் உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அது வசந்தத்தில் நடந்தது. அடுத்த மாதம் நானும் அவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். அவருக்கு எல்லாம் தெரியும். உன் அக்காவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார். உன்னைப் பற்றியும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை. நீ வர வேண்டும் என்று ஆசை. வராவிட்டால் புரிந்துகொள்வேன். ஒன்றே ஒன்று. என்னை அத்தான் என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதே.

அத்தான்


பிப்ரவரி 20, 2018

அன்புள்ள அத்தானுக்கு,

திருமணத்துக்கு வரவில்லை. வாழ்த்தும் எழுதவில்லை. போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். டீச்சர் சொல்லியிருப்பார். ஏன் உங்களைப் பார்க்காமல் போனேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சண்டை போடத்தான் வந்தேன். ரயிலில் ஒவ்வொரு வாக்கியமாகக் கோர்த்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததுமே, "மச்சான்தானே? உள்ள வாங்க. அவரு வேலைக்குப் போயிருக்காரு, எங்கயோ லிஃப்ட் நின்னுபோச்சாம். வந்துடுவாரு," என்றார். கோர்த்ததெல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது.

டீ கொடுத்தார். அக்கா படத்தைத் துடைத்து வைத்திருந்தார்.

"ஏதாவது போடட்டுமா?" என்று கேட்டார். அந்த நாற்பது பேரையே போட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் அக்காவின் துணி அலமாரி இல்லை. அந்த இடத்தில் ஸ்பீக்கர்கள் இருந்தன. நாம் அந்தச் சுவருக்காக எத்தனை வருஷம் அக்காவிடம் கெஞ்சியிருப்போம்! "உங்க பெட்டி பாடுறதுக்கு என் துணிய ரோட்டுலயா வெக்கிறது?" என்று அசையவே மாட்டாளே. அதனால் ஸ்பீக்கர் ஒன்று கதவுக்குப் பின்னாலும் ஒன்று மேஜைக்கு அடியிலுமாகக் கிடந்தன. பேஸ் எப்போதும் அலமாரியில் மோதிக் கொழகொழவென்று வரும். அந்த வீட்டில் நான் கேட்ட பாட்டெல்லாம் அப்படித்தான்.

சனிக்கிழமை ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்டது, அத்தான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரல் நீட்டிச் சொல்லலாம் போல இருந்தது. அந்த அறை இவ்வளவு நல்ல அறை என்று எனக்குத் தெரியாது.

மோசமாக இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். நன்றாக இருந்ததுதான் தாங்கவில்லை. அக்கா இல்லாததால் வந்த நன்மை. அதை நான் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்துவிட்டேன். "என்னாச்சு? சத்தம் அதிகமா?" என்று பதறினார். "இல்லைங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். நல்லவர். வெறுக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தான் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

உங்கள்மேல் கோபமில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்தச் சுவர்தான் தெரியும். இனி எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

அத்தான் என்று கூப்பிடச் சொன்னீர்கள். வேறெப்படியும் கூப்பிட எனக்குத் தெரியாது. அதனால்தான் கூப்பிடாமல் இருக்கப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான்


மார்ச் 4, 2018

மச்சான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக உள் அறைக்குப் போனேன். அலமாரி அங்கேதான் இருக்கிறது, அவள் துணிகளோடு. யாருக்கும் கொடுத்துவிடவில்லை. கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். டீச்சர் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "வெச்சுடுங்க. அவங்க எடம்தானே அது," என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன்.

நான் வைக்கவில்லை, மச்சான். மறுபடி உள்ளேயே தள்ளிவிட்டேன். வைத்திருந்தால் இவருக்குத் துரோகம். வைக்காததால் உன்னை இழக்கிறேன். உன் அக்காவாக இருந்தால் ஒரு வார்த்தையில் ரெண்டு பேர் வாயையும் அடைத்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

நீ எழுத வேண்டாம். நான் எழுதுவேன்.

அத்தான்


அக்டோபர் 28, 2018

மச்சான்,

என் கடிதங்கள் எதுவும் திரும்பி வரவில்லை. அப்படியானால் நீ அதே அறையில்தான் இருக்கிறாய், தபால்காரர் உன் கையில்தான் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். எனக்கு முட்டிவலி வந்துவிட்டது. லிஃப்ட் குழிக்குள் இறங்குவதை இளையவர்களிடம் விட்டுவிட்டு மேலே நின்று சத்தம் போடுகிறேன்.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது: 'பாதி வெளிச்சம்'. செல்லோவும் கிடாரும். கடைக்காரர் ஆகா ஓகோ என்றார். டீச்சருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வாரமாக நானும் கேட்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எதையும் உன்னிடம் சொல்லிப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

அத்தான்