பத்து ஐம்பத்திரண்டுதான்

உன் கைக்கடிகாரம் என் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்போது கழற்றி என் கையில் கொடுத்தாயே, அதுதான். வாரில் இன்னும் உன் வியர்வை வாசம் இருக்கிறது. இன்று காலை ஏழேகால் செய்திக்கு ரேடியோவைப் போட்டு, உன்னைப் போலவே சாவி கொடுத்து வைத்தேன். நீ போய் இன்றோடு ஐந்து நாள்.

முந்தாநாள் உன் அண்ணன் திருநகரில் இருக்கும் என் டைப்பிங் கடைக்கு வந்தார். கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கான தாளை நீட்டினார். உன் பேர் சரி, வயது சரி, செல்லூர் முகவரி சரி. நேரம் மட்டும் காலை 10.44 என்று இருந்தது. நீ போனது 10.52க்கு. இந்த வாட்சைப் பார்த்து நர்சுக்கும் அண்ணனுக்கும் நேரம் சொன்னவளே நான்தான்.

"தப்பா எழுதியிருக்கீங்கண்ணே," என்றேன்.

"தப்பில்ல தாயி. பத்து அம்பதுக்கு அவிட்டம் பொறந்துருச்சாம். அவிட்டத்துல போனா ஆறு மாசம் அடைப்புன்னு ஜோசியர் சொல்றாரு. அவ இருந்த ரூமப் பூட்டணும், வீட்ல நல்ல காரியம் எதுவும் நடத்தக் கூடாதாம். தை மாசம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். எட்டு நிமிசம் முன்னாடி போட்டா திருவோணம், ஒரு தொல்லையும் இல்ல. எட்டே நிமிசந்தான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது? அவர் முகம் சுருங்கிப்போனது. நேரத்தை மாற்றச் சொல்லி என் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பது இது முதல் தடவை இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும்.

திருமங்கலம் ரோட்டில் இருக்கும் அந்த நூல் மில்லின் டைம் ஆபீசில் நீயும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் ஆறு மாசக் கம்ப்யூட்டர் கோர்ஸ், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஷிப்டுக்கு வரும் பெண்கள் ஜன்னலில் வந்து தங்கள் நம்பரைச் சொல்வார்கள். நாம் அடிப்போம். பக்கத்தில் நேரத்தை மெஷினே போட்டுக்கொள்ளும். எட்டு மணிக்கு மேல் போனால் லேட். மூன்று லேட் விழுந்தால் நிரந்தரமாக்கும் பட்டியலிலிருந்து பேர் போய்விடும். அந்தப் பட்டியலில் பத்தொன்பது பெண்கள் வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மெஷினுக்குள் இருந்த சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. சாயங்காலம் அணைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் 1980 ஜனவரி ஒன்றாம் தேதியில் கண் விழிக்கும். புது பேட்டரி கேட்டு நீ எழுதிக் கொடுத்த கடிதங்களை மேனேஜர் எங்கே வைத்தாரோ! அதனால் தினமும் நாம்தான் தேதியும் நேரமும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கறுப்புத் திரையில் 'டேட்' என்று அடித்தால் இன்று என்ன தேதி என்று அது நினைக்கிறதோ அதைக் காட்டும், அடியிலேயே புதுத் தேதி என்னவென்று கேட்கும். 'டைம்' என்று அடித்தாலும் அப்படித்தான். மாற்ற வேண்டாம் என்றால் ஒன்றும் அடிக்காமல் வெறும் என்டர் தட்டினால் போதும், இருப்பது அப்படியே இருக்கும்.

மில் வாசலுக்கு எதிரே டீக்கடை ரேடியோவில் ஏழேகால் செய்தி கேட்டு நீ வாட்சைச் சரிசெய்வாய். அந்த வாட்சைப் பார்த்து மெஷினுக்கு நேரம் வைப்போம். மில்லுக்கே நேரம் உன் மணிக்கட்டிலிருந்துதான் போனது.

வினையைத் தொடங்கி வைத்தவள் நான். அந்த மெஷின் மாதத்தை முன்னால் கேட்கும், தேதியைப் பின்னால் கேட்கும். ஜூன் ஐந்தாம் தேதி அன்று நான் நம் ஊர் வழக்கப்படி ஐந்தை முதலில் அடித்தேன். மொத்த மில்லும் மே ஆறாம் தேதிக்கு வேலைக்கு வந்ததாகப் பதிவாகிவிட்டது. "இம்புட்டுப் பேரையும் ஒரே தட்டுல ஒரு மாசம் பின்னாடி இழுத்துட்டியேடி," என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மேனேஜர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நாம என்ன அடிக்கிறமோ அதான் நேரமா?" என்று கேட்டார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுவாரம் நீ காய்ச்சலில் லீவு. சுவர்க் கடிகாரம் ரிப்பேர் என்று கழற்றப்பட்டது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "பத்து நிமிசம் கூட்டி வைம்மா," என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பயம். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற பயம். இரண்டு நாள் கூட்டி வைத்தேன். திருமங்கலம் பஸ் ஏழு ஐம்பத்தைந்துக்குத்தான் வரும். அதில் இறங்கி ஓடிவந்த பெண்களுக்கெல்லாம் இரண்டு லேட் விழுந்தது. ஓட்டத்தில் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்ற பாண்டியம்மாள், "பஸ்சு சரியாத்தான வந்துச்சு, எப்படிம்மா லேட்டாச்சு?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த நம்பரைக் கேட்டேன்.

நீ திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அழுதுகொண்டே ஒரு யோசனையும் சொன்னேன். "அவரு பின்னாடி நின்னு கூட்டச் சொன்னா, டைம்னு அடிச்சு வெறும் என்டர் தட்டிருவோம். அவருக்கு என்ன தெரியப்போகுது?" நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உனக்குப் பிடிக்கவில்லை. "நாம ரெண்டு பேரும் இல்லாத அன்னைக்கு எவ உக்காருவாளோ? ஒளிஞ்சுக்கிட்டு செய்யிறதுக்கு இது என்னடி களவா?" என்றாய். உங்கள் வீட்டு மொழியில் வேறு எதையோ முணுமுணுத்தாய். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வாய். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் தெம்பாக இருக்கும்.

அப்புறம் நீ செய்தது அவ்வளவுதான்: மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து, ஜன்னல் பக்கம் முகம் பார்க்கத் திருப்பி வைத்தாய். டைம் என்று அடித்தாய். 7.56 என்று பச்சை எழுத்தில் வந்தது. பஸ்சிலிருந்து ஓடிவந்த பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டே நின்று பார்த்தார்கள். தங்களை லேட் என்று சொல்லும் நேரத்தை அன்றைக்குத்தான் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

மேனேஜர் வந்தார். "திருப்பு அத."

"எதுக்கு சார்? நேரம் என்ன ரகசியமா?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை நீ. உன் குரலில் மரியாதை குறையவே இல்லை, அதுதான் அவரை எரித்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீ டிபன் பாக்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வாரேன்டி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். என்னை எழுந்து வா என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. இரவல் வாங்கிய வாட்சோடு நான்தான் மறுநாள் காலையில் அந்த டீக்கடையில் நின்றேன்.

மெஷினுக்குச் சரியான நேரம் வைத்தேன். மானிட்டர் பழையபடி உள்பக்கம் திரும்பியிருந்தது. அதை நானே மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "பத்து நிமிசம் கூட்டு." நான் டைம் என்று அடித்தேன். புது நேரம் என்ன என்று கேட்டது. ஜன்னல் நிறையக் கண்கள். வெறும் என்டர் தட்டினேன். தட்டிவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "மாத்தல சார்," என்றேன்.

அவர் கத்தினார். மானிட்டரை உள்பக்கம் திருப்பினால் நம்பர் சொல்ல மாட்டோம் என்று பாண்டியம்மாள் சொன்னாள். அவள் பின்னால் பதினெட்டுப் பேர் அசையாமல் நின்றார்கள். உள்ளே நூற்கும் மெஷின்கள் ஆளில்லாமல் கிடந்தன. எட்டேகாலுக்கு மேனேஜர் இறங்கி வந்தார். சுவர்க் கடிகாரம் திரும்பி வந்தது, அந்த இரண்டு நாள் லேட்டுகளும் நீக்கப்பட்டன. பத்தொன்பது பேரும் நிரந்தரமானார்கள். அந்த மாசக் கடைசியில் என்னையும் அனுப்பிவிட்டார்கள். நீ செல்லூரில் எஸ்.டி.டி. பூத் வைத்தாய், நான் இந்தக் கடையை வைத்தேன். ஒரு நாளும் நான் இதற்காக வருத்தப்பட்டதில்லை. நீயும் பட்டதில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது உன் அண்ணன் அதே மாதிரி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பாவம், அவர் மேனேஜர் இல்லை. தங்கையைப் பறிகொடுத்தவர், மகளுக்காகப் பயப்படுகிறவர். "அண்ணே, கல்யாணத்த நடத்துங்க," என்றேன். "அத்தை போன நேரத்தால அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது. பந்தியில நானே நின்னு பரிமாறுறேன். ஆனா அவ நேரத்த நான் மாத்த மாட்டேன்."

"நீ ஒரு எட்டு நிமிசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா தாயி?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அந்த எட்டு நிமிசமும் அவ உயிரோட இருந்தாண்ணே. என் கையப் பிடிச்சிருந்தா. இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?"

திரையில் காலை 10.52 என்று இருந்தது. எதையும் மாற்றாமல் வெறும் என்டர் தட்டினேன். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. அவர் ஒரு தாளைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார். செல்லூர்ச் சந்துகளில் இன்று 10.44 என்று ஒட்டியிருக்கிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

நேற்றுக் காலை என் நூறு நோட்டீசையும் பசை வாளியையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மில் வாசலில், நம் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் முதல் தாளை ஒட்டினேன். ஷிப்டுக்கு வந்த பாண்டியம்மாள் உன் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். தலை பாதி நரைத்திருக்கிறது அவளுக்கு. அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து பசை வாளியை வாங்கிக்கொண்டாள்.

புது வாட்ச்மேன் ஓடிவந்தான். "இங்க ஒட்டக் கூடாதும்மா. நேரங்காலமெல்லாம் போட்டு, என்னதிது?"

பாண்டியம்மாள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தாளின் முதுகில் பசையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"ஏன், நேரம் என்ன ரகசியமா?"