பெர்திபெக் நட்ட மரங்கள்

தல்கார் மலைச்சரிவு,
காட்டுக் காவல் குடில்
29 ஆகஸ்ட் 1948

என் கண்ணாடி போட்ட மிர்ஸாவுக்கு அண்ணி கன்ஷாயிம் எழுதுவது.

நான் சுகம், பசு சுகம். நீ சுகமா இல்லையா என்பதைப் பசுவிடமா கேட்பேன்? அரசாங்கம் மூன்று தடவை நம் மொழியின் எழுத்தை மாற்றியது. மூன்று தடவையும் கற்றுக்கொண்டு நான் எழுதுகிறேன். ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து எழுதியே பிழைக்கிற உனக்கு அண்ணிக்கு நாலு வரி எழுதக் கை வணங்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நகரத்துத் தோட்டத்து ஆப்பிளின் பூந்தூளை எங்கள் காட்டு மரத்துப் பூவில் தடவிக் காகிதப் பை கட்டினாயே. பூவுக்கு முக்காடு போடுகிறாயா என்று நான்கூடச் சிரித்தேன். அந்த விதையில் வந்த நாற்பத்தொரு மரத்தில் பாதி இப்போதுதான் முதல் காய் காய்த்திருக்கிறது. ஒன்று போல ஒன்று இல்லை. பதினேழாம் எண் முஷ்டி அளவு, அறுத்தால் உள்ளே சிவப்பு. இருபத்துமூன்று, செத்துப்போன என் மாமியார் பேசுகிற மாதிரி புளிப்பு. சரிவு முழுக்க இலையில் கரும்புள்ளி நோய் வந்தும் ஆறு மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

உலகத்துத் தோட்டத்து ஆப்பிளெல்லாம் இந்தக் காட்டு ஆப்பிளின் பிள்ளைகள்தான், மரங்களே அதைச் சொல்லும் என்றாய். வந்து கேள், என்ன சொல்கின்றன என்று. போரிலிருந்து திரும்பியிருந்தால் உன் அண்ணன் கூடைபோட்டுப் பறித்துத் தின்றே தீர்த்திருப்பார்.

உன் அண்ணி,
கன்ஷாயிம்


ஆல்மா-அட்டா
14 செப்டம்பர் 1948

அன்புள்ள அண்ணிக்குக் கெமெல் எழுதுவது.

இதைத் தபாலில் போடவில்லை. பால் வண்டிக்கார ஜாக்கிப்பிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

தாயின் குணமும் தந்தையின் குணமும் துணுக்குத் துணுக்காக விதைக்குள் வந்து சேருகின்றன என்று உங்களுக்குச் சொன்னேன் அல்லவா? அது பொய், பகைவர்களின் பாடம் என்று சென்ற மாதம் மாஸ்கோவில் முடிவாகிவிட்டது. எங்கள் துறைத் தலைவரை நீக்கிவிட்டார்கள். என் பக்கத்து மேசைக்காரர் பத்து நாளாக வரவில்லை. அவர் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டால் என் கை தானாகவே காகிதங்களை மூடுகிறது.

அந்தக் கலப்பு மரங்களே எனக்கு எதிரான சாட்சி; அவற்றிலுள்ள எண் எழுதிய தகரச் சீட்டுகளைக் கழற்றிப் புதைத்துவிடுங்கள். யாராவது வந்து கேட்டால், காட்டுக் காவலராக இருந்த அண்ணன் நட்டது என்று சொல்லுங்கள். போரில் இறந்தவரை இனி யாரால் என்ன செய்ய முடியும்?

கெமெல்


தல்கார்
27 செப்டம்பர் 1948

கண்ணாடி மிர்ஸா,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன், தேநீர் நன்றாகக் கொதித்தது. இதுவரை நீ எழுதியதில் எனக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

சீட்டுகளை எருக்குழியில் புதைத்தேன். கழற்றும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது. திரும்பினால் பசு. அதையும் நம்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பார்த்துக்கொள்.

உன் அண்ணன் நட்டது என்றே சொல்கிறேன். பெயரைக் கேட்டால்தான் சங்கடம். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து வீட்டு ஆண்கள் பெயர் எதையும் நான் சொன்னதில்லை. ஏழு வயசில் மூக்கு ஒழுக நின்ற உனக்கு மிர்ஸா, துரை என்று பட்டம் வேறு எதற்குக் கொடுத்தேன் என்று நினைத்தாய்?

நேற்று ஒருவர் குதிரையில் வந்தார். வேலிக்கு வெளியே நின்று மரங்களை எண்ணினார், போனார். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்காத ஆளை நான் நம்புவதில்லை.

கன்ஷாயிம்


தல்கார்
19 அக்டோபர் 1948

கண்ணாடி மிர்ஸா,

விசாரணைக் குழுவோடு எழுத்தராக நீயும் வந்துபோய் மூன்று நாளாகிறது. நடந்ததெல்லாம் உன் எதிரிலேதான் நடந்தது. ஆனால் நீ குறிப்பெழுதக் குனிந்தவன் நிமிரவே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

குழுவில் வந்த தோல் கோட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"யாரும்மா இதை நட்டது?"

"என் வீட்டுக்காரருங்க."

"பேரு?"

"எங்க வழக்கத்துல அதைச் சொல்லக் கூடாதுங்க."

"யாரைக் காப்பாத்தப் பாக்கறே?"

"செத்தவரை என்னங்க காப்பாத்தறது? வழக்கத்தைத்தான்."

நம் கூட்டுப்பண்ணைத் தலைவர், "நெசந்தாங்க, எங்க பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க. நான் வேணா..." என்று இழுத்தார். கோட்டுக்காரர் பார்த்த பார்வையில் அவர் மீசைகூடச் சுருங்கிவிட்டது.

"அந்தம்மா வாயாலயே வரட்டும். வரலைன்னா உயிரோட இருக்கிற ஆளு எவனோ நட்டிருக்கான்னு அர்த்தம்." அப்புறம் அவர் மெதுவாக உன் பக்கம் திரும்பினார். "உம்ம அண்ணிதானே? லீவு விட்டா நீரும் இங்கதான் வருவீராமே?"

உன் பென்சில் பாதி எழுத்தில் நின்றுவிட்டது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது, மலை தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை.

"பெர்திபெக்" என்றேன்.

இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. நாக்கு என்னுடையதுதானா என்று சந்தேகமாகிவிட்டது. நீ அதைத் தாளில் எழுதினாய். அண்ணன் பெயரை அழகாகத்தான் எழுதினாய்.

பண்ணை ஆட்கள் சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்றையும் வெட்டிவிட்டார்கள். பழங்களைக் குதிரைகளுக்குக் கொட்டினார்கள். உனக்காக எண்ணெயில் சுட்ட பவுர்சாக் பணியாரம் ஒரு தட்டு இருந்தது, நீ தொடவில்லை. அந்தக் கோட்டுக்காரர் இரண்டு தின்றார்.

கன்ஷாயிம்


ஆல்மா-அட்டா
30 அக்டோபர் 1948

அண்ணி,

எனக்கு வேலை இருக்கிறது. 'காலஞ்சென்ற காவலர் பெர்திபெக் தன்னிச்சையாக நட்டவை' என்று அறிக்கை எழுதி மூடிவிட்டார்கள். இனிப் பயமில்லை.

கெமெல்


தல்கார்
12 ஜனவரி 1949

கண்ணாடி மிர்ஸா,

பயமில்லை என்று எழுதினாய். அப்படியே இருக்கட்டும். உனக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை ஜாக்கிப்பிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை, நீ கவனிக்கமாட்டாய்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பண்ணை மன்றத்துச் சுவரில் போரில் இறந்த பத்தொன்பது பேர் படம் இருந்ததல்லவா, இப்போது பதினெட்டு. காட்டைக் கெடுத்தவன் படம் அங்கே இருக்கக் கூடாதாம். ஆணியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் போய் அந்த ஆணியைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கும் ஒரு துணை வேண்டாமா.

கிணற்றடியில் என்னைக் கண்டதும் பெண்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ராணி மரியாதை. குடிலைக் காலி செய்யச் சொல்லி இன்னும் யாரும் வரவில்லை. குதிரைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாத்திரங்களை எண்ணி வைத்துக்கொள்கிறேன்.

இறந்தவரை யாரால் என்ன செய்ய முடியும் என்றாய். படித்தவன் நீ, இதில் எப்படித் தப்புக் கணக்குப் போட்டாய்? கோபமில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

கன்ஷாயிம்


ஆல்மா-அட்டா
3 பிப்ரவரி 1949

அண்ணி,

அண்ணன் படத்தைத் திரும்ப மாட்டுவார்கள். மாட்டினால் ஏன் என்று யாரிடமும் கேட்காதீர்கள்.

காலுறை வந்தது. ஒன்று குட்டைதான். கவனித்தேன்.

உங்கள் மிர்ஸா


தல்கார்
6 மார்ச் 1949

என் மிர்ஸாவுக்கு,

படம் வந்துவிட்டது. பண்ணைத் தலைவரே ஏணி வைத்து ஏறி மாட்டினார், கைக்குட்டையால் தூசி தட்டினார். ஒதுங்கிப் போன பெண்களெல்லாம் வந்து கட்டிக்கொண்டார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை; நட்டது நான்தான் என்று நீயே போய்ச் சொல்லியிருக்கிறாய்.

போன வாரம் அனுப்பிய கடிதத்தை ஜாக்கிப் திருப்பிக் கொண்டுவந்தார். உன் அறைக் கதவில் காகிதம் ஒட்டி முத்திரை வைத்திருக்கிறதாம். பக்கத்து அறைக்காரி கதவைத் திறக்காமலே, "இங்க அப்படி ஒருத்தரும் இருந்ததில்லையே" என்றாளாம்.

இதை யார் கையிலும் கொடுக்கப்போவதில்லை. நாளைக்குப் பால் வண்டியில் நானே வருகிறேன். ரொட்டி, உப்புக் கண்டம், இன்னொரு ஜோடிக் காலுறை. இந்த ஜோடி இரண்டும் ஒரே அளவு. பயத்தில் ஒழுங்காகப் பின்ன வருகிறது.

எந்தக் கதவில் போய் உன்னைக் கேட்பது என்று ஜாக்கிப்புக்குத் தெரியவில்லை. எல்லாக் கதவிலும் கேட்பேன். எதற்கு வந்தாய் என்றால், மரங்களை நட்டது நான்தான் என்று சொல்லப்போகிறேன். நாற்பத்தொரு குழியும் தோண்டியது நான்தானே. நீ மண்வெட்டியைத் தொட்டது உண்டா? அதனால் அது பொய்யும் இல்லை.

உன் அண்ணி,
கன்ஷாயிம்