மிளகோடு நடந்து வந்தவளுக்கு

இன்று காலை லாயத்தின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. நனைந்த குதிரையும் நனைந்த சாக்கும் நனைந்த தோல்வாரும் சேர்ந்த வாடை. இரவு பெய்த மழையில் கூரைத் தகரம் ஒன்று நகர்ந்து மிளகின் முதுகில் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. கிழட்டுக் குதிரை அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் முதுகைத் துடைக்கத் தொடங்கியபோது, "இந்தப் பக்கத்த நீ தொடைச்சு விடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொன்னேன். அடுத்த தடுப்பில் நின்ற இன்னொரு குதிரை, டைகர், மட்டும் காதைத் திருப்பினான்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. செத்தவளுக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்தால் நீயே சிரிப்பாய். சிரி. ஊரில் உன்னைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அடங்காத பொம்பளை என்கிறார்கள், அதற்கு நான் தலையாட்டுகிறேன். பாவம் என்கிறார்கள், அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. நீ பாவமாக இருந்த ஒரு நாளைக்கூட நான் பார்த்ததில்லை.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்கள் நாம். சீகிரியாவுக்குப் போகும் வழியிலுள்ள இந்த ஹோட்டலுக்குத் துணி துவைக்க வந்தோம். குதிரை பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் நீதான் முதலாளிக்கு முன்னால் போய் நின்றாய். "நாங்க பாத்துக்குறோம் மாத்தையா. ஆள் கெடைக்கிற வரைக்கும்." ஆறு வருடமாகியும் ஆள் கிடைக்கவில்லை. "லயத்துல பொறந்து லாயத்துக்கு வந்திருக்கோம் புள்ள, ஒரு கால் கூடியிருக்கு, முன்னேற்றம்தான்" என்று நீ சொன்னதை இப்போதும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரர்களுக்கு விளங்காது. நான் மட்டும் சிரித்துக்கொள்கிறேன்.

போன மார்கழியில்தான் மாத்தையா மிளகை விற்கப்போவதாகச் சொன்னார். வெள்ளை உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்த அந்தக் குதிரைக்குப் பதினாறு வயது, இடது கண்ணில் பார்வையில்லை. விருந்தாளிகள் அவள் மேல் ஏறப் பயப்படுகிறார்களாம். அதே வாரம், குதிரை வைத்திருக்கும் ஹோட்டல்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு நெடுந்தூர சவாரிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர். நாவுலப் பக்கத்துக் குளக்கட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பகல் ஒரு மணிக்குள் வந்து சேர வேண்டும். வேகமாக வருவதைவிட, குதிரை நோகாமல் வந்து சேர்வதுதான் பெரிது. வழியிலும் முடிவிலும் மிருக வைத்தியர் நாடியைப் பார்த்து, குதிரையை ஓடவிட்டு, காலில் நொண்டல் இருக்கிறதா என்று சோதிப்பார்.

"மிளகு இதை முடிச்சிட்டு வந்தா அவள விக்கக்கூடாது" என்று நீ மாத்தையாவிடம் கேட்டாய்.

அவர் சிரித்தார். "முடித்துவிட்டு வந்தால் சாகும்வரை இங்கேயே நிற்கட்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். நடக்காது என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. அது உனக்கும் தெரிந்தேயிருந்தது.

பதினொரு பேர் புறப்பட்டோம். கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் முழங்கால் வரைக்கும் பூட்ஸ். நாம் ரப்பர் செருப்போடு வராததே பெரிய விஷயம், நம் காலில் இருந்தவை தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காமார் தந்த பூட்ஸ். ஏழு மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து காதுக்குள் அடிக்கும் மழை. மிளகின் குருட்டுப் பக்கத்தில் டைகரை வைத்து நான் வந்தேன். தென்னோலை ஒன்று அந்தப் பக்கம் விழுந்தபோது அவள் உடம்பு முழுக்க விறைத்தது. நீ குனிந்து அவள் கழுத்தில் கையை வைத்து ஏதோ சொன்னாய். அதற்குப் பிறகு எத்தனை ஓலை விழுந்தும் அவள் கலங்கவில்லை.

குளக்கட்டுக்குக் கீழே பாதி வழிச் சோதனை. அங்கே ஒரு தகரக் கொட்டகையில் எல்லோரும் ஒண்டி நின்றோம். திரும்பும் வழியில் ஓடை பெருகிவிட்டது என்றும், மேட்டுப் பாதையால் சுற்றி வரலாம், விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். ஆறு பேர் நிறுத்திக்கொண்டார்கள். அது தவறில்லை, அவர்களுடைய குதிரைகள் களைத்திருந்தன. ஆனால் அவர்களில் மழைத்தொப்பி போட்ட ஒருவர் உன்னிடம் வந்து, "ஒற்றைக் கண் குதிரை, இந்த மழை, வீண் பிடிவாதம் எதற்கு?" என்றார்.

நீ மாத்தளையிலிருந்து வந்திருந்த மிருக வைத்தியரைப் பார்த்தாய். முக்காடு முழுக்க நனைந்திருந்த அந்த இளம் டொக்டர் மிளகின் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். "இங்க நிக்கிற எல்லாத்தையும் விட இவட நாடிதான் நல்லா இருக்கு. கூட்டிட்டுப் போங்க."

அப்போதுதான் நீ தொப்பிக்காரரிடம் திரும்பினாய். "நிக்கணும்னா குதிர சொல்லட்டும் சேர். மனுசன் சொல்லி நான் நிக்கமாட்டேன்."

முடிவுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கையில், செம்மண் சரிவில் மிளகின் முன்காலில் இருந்த லாடம் சேற்றோடு போய்விட்டது. குளம்பின் ஓரம் சிறிதாகப் பிய்ந்திருந்தது. அடுத்து வருவதெல்லாம் கல் பாதை. நீ இறங்கினாய். ரெயின்கோட்டின் ஒரு கையைக் கத்தியால் அறுத்தாய். குளம்பில் சாக்கைச் சுற்றி, அதற்கு மேல் அந்தக் கையை மாட்டி, கயிற்றால் இறுகக் கட்டினாய்.

"நீ போ வசந்தா."

"உன்ன விட்டுட்டு எப்புடி போறது?"

"டைகருக்கு என்னா கொறை? அவன் எதுக்கு இங்க நின்னு நனையணும்? போ புள்ள."

"நீ எப்புடி வருவ?"

"எனக்கு ரெண்டு கால் இருக்குல்ல."

நான் போனேன். உனக்கு இதை நேரில் சொன்னதேயில்லை: எனக்குப் போகவும் ஆசையாக இருந்தது. முடித்தவள் என்று என் பெயரையும் யாராவது கூப்பிட வேண்டும் என்ற ஆசை. நாலாவதாக வந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் ஒரு பதக்கத்தைப் போட்டார்கள். அதைக் கையில் பிடித்தபடி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி அடித்தது. "லொறியை அனுப்பிக் குதிரையை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றார் மாத்தையா. முடிவெல்லைக்கு நட்டிருந்த கம்புகளைப் பிடுங்க இரண்டு பேர் வந்தார்கள். நான் ஓடிப்போய் ஒரு கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"நேரம் முடிஞ்சிருச்சு தங்கச்சி, விடுங்க."

"நேரந்தானே முடிஞ்சிச்சு. ஆளு இன்னும் வரணும்."

"லொறி போகுதுல்ல."

"லொறிய அனுப்பாதீங்க. அனுப்பினாலும் அவ ஏறமாட்டா."

வாழ்நாளில் அதுவரை நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்று அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் கம்பை விடவில்லை. கை மரத்துப்போனது. மழையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றிருந்தேன்.

ஒன்றரை தாண்டியபின் நீ வந்தாய். ஒரு கை இல்லாத ரெயின்கோட், முழங்கால் வரை சேறு, கடிவாளத்தை இழுக்காமல் தளர்த்திப் பிடித்த கை. உன் தோளுக்கு அருகில் தலையை வைத்து மிளகு நடந்து வந்தாள். லொறி எதிரே வந்ததாம், நீ அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாயாம்.

இனிச் சோதனை தேவையில்லை என்றார் பதிவு செய்பவர். டொக்டர் கேட்கவில்லை. நாடி பார்த்தார், குளம்பைப் பார்த்தார். கட்டை அவிழ்த்துப் புல்தரையில் ஓடவிடச் சொன்னார். நீ ஓடினாய், மிளகும் ஓடினாள். நொண்டல் இல்லை.

"குதிர முடிச்சிரிக்கிது" என்றார் டொக்டர்.

"ஆனால் நேரம் கடந்துவிட்டதே" என்றார் மாத்தையா.

நீ முகத்திலிருந்த மழையைப் புறங்கையால் துடைத்தாய். "முடிச்சிட்டு வரணும்னு சொன்னீங்க மாத்தையா. எத்தன மணிக்கு வரணும்னு நீங்க சொல்லல."

யாரோ கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அந்தத் தொப்பிக்காரர். மாத்தையா மிளகின் பக்கம் கையைக் காட்டி, "அவளுக்கு வைக்கோல் போடுங்கள்" என்றார். மிளகு எங்கும் போகவில்லை.

அன்று குதிரைகளைத் துடைத்து முடித்தபின், உன்னை விட்டுவிட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "வாய மூடு" என்றாய். "ரெண்டு குதிரையும் நோவாம வந்துருச்சு. வேற என்னா வேணும்?"

ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில், உதடு வெடித்துப்போய்க் கிடந்தவள், "மிளகு தின்னுச்சா?" என்று கேட்டாய். தின்றாள் என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

சாவு வீட்டில் உன் அண்ணன், "குதிர கூத்துக்குப் போகாம ஒழுங்கா தோட்டத்துலயே இருந்திருந்தா இது வந்திருக்குமா?" என்றார். "கொசு தோட்டத்துலயுந்தான் இருக்கு அண்ணே" என்றேன். "அவ வாழ்ந்ததுக்கும் செத்ததுக்கும் முடிச்சுப் போடாதீங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பைக் கட்டிப்பிடித்த அன்றுபோலவே, பார்க்கட்டும் என்றிருந்தேன். அண்ணன் பிறகு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

இந்த மார்கழிச் சவாரிக்கும் டைகரோடு பெயர் கொடுத்திருக்கிறேன். வானிலை சரியில்லை, யோசித்துக்கொள் என்றார் மாத்தையா. யோசித்துவிட்டேன் என்றேன். மிளகை யாரும் இப்போது தூரம் ஓட்டுவதில்லை. புல்வெளியில் பாரமில்லாமல் நடக்கிறாள், அவள் நாள் வரும்வரை நடப்பாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, லாடம் போன அந்தச் செம்மண் சரிவு வந்ததும் எல்லோரையும் இறங்கச் சொல்வேன். "இங்க நடக்கணும்" என்பேன், வேறொன்றும் சொல்லமாட்டேன். விலையுயர்ந்த பூட்ஸோடு டொக்டர்களும் வங்கிக்காரர்களும் இறங்கி, கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்து, குதிரைக்குப் பக்கத்தில் பேசாமல் நடப்பார்கள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று மாத்தையா கேட்டார். பாதை சரியில்லை என்றேன்.

பாதை நன்றாகத்தான் இருக்கிறது.