கிளட்சுக்கு அடியில் இருந்தது

ஏனுங்க மாமா,

கியர் விழுந்துருச்சுங்க. 'உனக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாம கியர்பாக்ஸே போச்சு'ன்னு நேத்துத் திட்டுனீங்களே, அதே கார்லதான் காங்கேயத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன்.

இஞ்சினை நிறுத்திட்டுப் போட்டா அஞ்சு கியரும் அழகா விழுந்துச்சு. ஓடறப்பத்தான் விழலை. அப்ப கிளட்ச் முழுசா இறங்கலைன்னு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வண்டி துடைக்க நீங்க கம்பெனியில இருந்து கொண்டாந்து சீட்டுக்கடியில திணிச்ச பனியன் வேஸ்ட் துணி, மூட்டையா உருண்டு வந்து கிளட்சுக்குக் கீழ உக்காந்திருக்குது.

அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில, ரசத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். தயிர் பிரிட்ஜுல.

பத்து மணிக்கு மெக்கானிக் கிட்டுசாமி அண்ணன் கியர்பாக்ஸ் இறக்க வருவாரு. வேண்டாம்னு நான் சொல்லலீங்க. டீ போட்டுக் குடுத்து, என்ன கோளாறுன்னு நீங்களே சொல்லீருங்க.

அனு

கோவமெல்லாம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை உங்களையும் கூட்டிட்டுப் போறேன், பக்கத்து சீட்டுல.